பெரியவர் மறைந்த வீட்டில் பெருநாள்

தீபாவளி, தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றை எமது மக்கள் தனித்திருந்து கொண்டாடுவதில்லை. ஆண்டின் ஏனைய நாட்களில் ஆளுக்கொரு திசையில் பிழைப்புத் தேடிச் செல்பவர்கள் அந்த நாளுக்காகவே ஊர் திரும்புகின்றனர். அவ்வாறு அனைவரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுகூடும்போதுதான் யார் இல்லை என்பதும் துலக்கமாகத் தெரிகிறது. அந்த ஆண்டில் பாட்டனையோ பாட்டியையோ இழந்த குடும்பத்தில், புத்தாடை எடுப்பதா, பலகாரம் சுடுவதா, பிள்ளைகளைப் பட்டாசு கொளுத்த விடுவதா என்ற கேள்விகள் எழுகின்றன. மகிழ்ந்தால் மறைந்தவரை மறந்துவிட்டோம் என்று ஊர் பேசுமோ என்ற அச்சம் ஒரு புறம். மகிழாவிட்டால் பிள்ளைகளின் முகம் வாடிவிடுமே என்ற கவலை மறு புறம்.

இக்கேள்விகளுக்கு எமது சமயங்களும் மரபுகளும் என்ன விடை கூறுகின்றன என்பதை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அருகருகே வாழ்ந்துவரும் கண்டி மாவட்டத்தின் கலஹாப் பிரதேசத்தை முன்வைத்து இதனை நோக்குவது பொருத்தமாக அமையும்.

கலஹாவும் அதன் பெரியவர்களும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் கடந்து மலையேறிச் செல்லும் வீதி கலஹாவை அடைகிறது. அங்கிருந்து தெல்தோட்டை, ஹேவாஹெட்ட என மலைத்தொடர் விரிகிறது. இலங்கையில் முதன்முதலாக வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிடப்பட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அங்கு 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். அவர் 1892 மே மாதத்தில் இறந்தபோது உடல் கண்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய கல்லறையில் பெயரும் பணியும் பொறிக்கப்பட்டுள்ளன. அவருடன் மலையை வெட்டித் திருத்திய தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்களது நினைவு வாழ்ந்தது பேரப்பிள்ளைகளின் வாயில் மட்டுமேயாகும். பண்டிகை நாட்களில் அவர்களுக்கென இடப்பட்ட படையலே அவர்களுக்கான நினைவுச்சின்னமாக விளங்கியது.

தோட்டப்புற வாழ்வில் முதியவர்களுக்குரிய இடத்தைச் சிறிது விளக்க வேண்டும். விடியலில் தாய் கொழுந்து பறிக்க மலைக்குச் சென்றுவிடுவார். தந்தைக்கும் தோட்டத்திலோ நகரிலோ வேலை. பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்புபவர் அப்பாயியோ அம்மாயியோதான். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வளைகுடா நாடுகளுக்குச் சென்றுள்ள குடும்பங்களில் முழு வளர்ப்பும் அவர்கள் கையிலேயே. கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளின் முஸ்லிம் குடும்பங்களிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. தகப்பனார் கொழும்பிலோ வெளிநாட்டிலோ தொழில் புரிய, பிள்ளைகளுக்கு முதன்முதலாக அலிஃப், பே சொல்லிக் கொடுப்பவர் பல வீடுகளில் உம்மும்மாவாகவே இருக்கிறார். ஆகவே, இத்தகைய வீடுகளில் ஒரு முதியவரின் மறைவு, வயது முதிர்ந்த ஒருவரின் இயல்பான மரணம் என்ற அளவில் முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது வளர்த்த தாயின் இழப்பாகும்.

இந்து மரபு கூறுவது என்ன?

தமிழ் இந்துக்களிடையே துக்கத்துக்கு இரண்டு கால அளவுகள் உள்ளன. முதலாவது தீட்டுக் காலம். யாழ்ப்பாணத்தார் இதனைத் துடக்கு என்பர். மலையகத்தில் பொதுவாக 16ஆம் நாள் கருமாதியுடனும், வடக்கில் 31ஆம் நாள் அந்தியேட்டியுடனும் இது நிறைவடைகிறது. இரண்டாவது ஆண்டுத் திவசம் வரையிலான காலம். இந்த ஓராண்டுக்குள் வரும் பண்டிகைகளைக் குடும்பத்தாரும் பங்காளிகளும் கொண்டாடாமல் விடுவது பரவலான வழக்கமாகும். எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை, கோலம் போடுவதில்லை, திருமணம் முதலிய சுப காரியங்களை ஒத்திவைப்பர். இவ்வழக்கம் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகிறது என்பதையும் மனங்கொள்ள வேண்டும். சில இடங்களில் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, பிள்ளைகளுக்காக எளிய முறையில் பண்டிகையை நடத்துவதும் உண்டு.

இதே மரபுக்குள் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிறைவாழ்வு வாழ்ந்து, பேரன் பேத்தி கண்டு மறைந்தவரின் மரணத்தை எம்மவர் கல்யாணச் சாவு என்று அழைக்கின்றனர். தப்பு முழங்க, பூப்பல்லக்கில் அவரை வழியனுப்புகின்றனர். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நிற்கின்றனர். துக்கத்தின் நடுவிலேயே சிறுவர்களின் கையில் ஒளியைக் கொடுத்துப் பாட்டனை வழியனுப்பச் செய்த மரபு இது. பிள்ளைகளை மரணத்திலிருந்து மறைத்து வைக்க அம்மரபு விரும்பவில்லை. முழு வாழ்வு வாழ்ந்தவரின் மறைவில் நன்றியும் மகிழ்வும் கலந்திருக்கலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டுள்ளது.

பண்டிகைக்குள்ளும் மறைந்தவர்களுக்கு இடமுண்டு. மலையகத்தின் பல வீடுகளில் தீபாவளியன்று முன்னோர்க்குப் படையல் இட்ட பின்னரே ஏனையோர் உண்பர். பாட்டனுக்குப் பிடித்த கறி, பாட்டிக்குப் பிடித்த பலகாரம், அவர்கள் பெயரில் ஒரு வேட்டியோ சேலையோ அப்படையலில் இடம்பெறும். பின்னர் அவ்வாடையை வீட்டில் ஒருவர் உடுத்துவார். ஆகவே, ஓராண்டு ஓய்வின் பின்னர் திரும்பவும் வரும் தீபாவளியில் மறைந்தவர் குடும்பத்துக்கு வெளியே நிற்பதில்லை. படையலில் தமக்குரிய இடத்துடன் அவர் திரும்பி வருகிறார்.

இஸ்லாம் காட்டும் வழி

இஸ்லாத்தில் துக்கத்துக்குரிய எல்லை தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. பெற்றோராயினும் உடன்பிறந்தோராயினும் துக்கம் அனுஷ்டிக்கும் காலம் மூன்று நாட்களேயாகும். கணவனை இழந்த மனைவிக்கு மாத்திரம் நான்கு மாதங்களும் பத்து நாட்களும் இத்தாக் காலமாக அல்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில் விதிக்கப்பட்டுள்ளது. நபிகளாரின் துணைவியரில் ஒருவரான உம்மு ஹபீபா (ரலி) அவர்கள், தம் தந்தை அபூ சுப்யான் மறைந்த மூன்றாம் நாளில் நறுமணத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள் என்று ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. நறுமணம் பூசும் ஆர்வம் அவர்களுக்கு இருக்கவில்லை. மூன்று நாள் எல்லையை வாழ்ந்து காட்டுவதற்காகவே அவ்வாறு செய்ததாக அவர்களே விளக்கியுள்ளார்கள். வயது முதிர்ந்த தந்தையை இழந்த மகளின் செயல் என்பதால் இது எமது விடயத்துக்கு மிக நெருக்கமானதாகும்.

மூன்று நாள் எல்லை என்பது மூன்று நாட்களின் பின் மனம் வருந்தக் கூடாது என்று பொருள்படாது. நபிகளார் தம் மழலைப் புதல்வர் இப்ராஹீமை இழந்தபோது கண்ணீர் விட்டார்கள். ஒப்பாரியும் மார்பில் அடித்துக் கொள்வதுமே தடுக்கப்பட்டன. உள்ளத்தின் சோகமும் கண்ணீரும் தடுக்கப்படவில்லை. அலங்காரத்தையும் அன்றாட வாழ்வையும் விலக்கி வைப்பதற்கே எல்லை இடப்பட்டுள்ளது. இதன்படி, ரமழானில் உம்மும்மா மௌத்தான வீட்டிலும் நோன்புப் பெருநாளன்று குளித்து, இருப்பதில் நல்ல ஆடை உடுத்து, தொழுகைக்குச் செல்வதும் பிள்ளைகளை மகிழ்விப்பதும் உகந்ததேயாகும்.

மறைந்தவருக்குச் செய்யவேண்டிய கடமையும் இதனுடன் முடிந்துவிடுவதில்லை. ஒருவர் இறந்த பின்னும் அவருக்கு நன்மை சேர்ப்பவையாக மூன்றை மார்க்கம் குறிப்பிடுகிறது. நிலையான தர்மம், பயனளிக்கும் கல்வி, அவருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகியனவே அவை. தந்தையின் நண்பர்களுடன் உறவைப் பேணுவது தந்தைக்குச் செய்யும் மிகச் சிறந்த உபகாரங்களில் ஒன்று என்றும் கூறப்பட்டுள்ளது. பெருநாள் தொழுகை முடிந்ததும் மையவாடிக்குச் சென்று துஆச் செய்யும் வழக்கம் எமது ஊர்களில் உள்ளது. மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாள் கத்தங்கள் பற்றி முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு நிலவிய போதிலும், மறைந்த பெற்றோருக்காகத் தர்மம் செய்வதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

அயல் வீட்டுத் தட்டு

ஒரு மரபு ஓராண்டு கேட்கிறது. மற்றையது மூன்று நாட்களுடன் விடுகிறது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இவை எதிரெதிரானவையாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. துக்க வீட்டாரைத் தனியே விடக்கூடாது, அவர்களது அடுப்பின் பொறுப்பை அயலவர் ஏற்க வேண்டும் என்பதே அவ்விடமாகும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் உயிர்துறந்த செய்தி மதீனாவை எட்டியபோது, அக்குடும்பத்தார் கவலையில் மூழ்கியிருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபிகளார் பணித்தார்கள். இழவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவினரும் அயலவரும் சாப்பாடு கொண்டுசெல்வது தமிழர் மரபிலும் நெடுங்காலமாக உள்ளது. பண்டிகை நாளில் அவ்வழக்கம் மேலும் ஒரு படி செல்கிறது. எண்ணெய்ச்சட்டி வைக்காத வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் வேறு வீடுகளிலிருந்து வந்து சேர்கின்றன. அவ்வீட்டுப் பிள்ளைகள் பலகாரமின்றி இருக்கவில்லை. துக்கம் காக்க வேண்டியவர் அதனைக் காத்தனர். மகிழ வேண்டிய குழந்தைகளின் மகிழ்ச்சியை ஊர் பொறுப்பேற்றது.

கலந்து வாழும் ஊர்களில் இத்தட்டு சமய எல்லையையும் கடந்து செல்கிறது. பெருநாளுக்கு வட்டிலப்பம் தமிழ் வீட்டுக்கும், தீபாவளிக்குப் பலகாரம் முஸ்லிம் வீட்டுக்கும் போவது மலையக நகரங்களில் புதிய செய்தியன்று. சந்திர மாதத்தைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டிலும் ஏறக்குறைய 11 நாட்கள் குறைந்தது. ஆகையால், நோன்புப் பெருநாளும் தீபாவளியும் ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று நெருங்குகின்றன. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவை சில நாட்கள் இடைவெளியிலேயே வந்தன. அவ்வேளைகளில் ஒரு வீட்டின் துக்கத்தை மறு வீடு தன் பெருநாளுக்கு இடையிலேயே நினைவில் கொள்ள வேண்டியிருந்தது. இத்தகைய அயலுறவே இரு சமூகங்களுக்கும் பாதுகாப்பு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

துக்கம் மறுக்கப்பட்ட காலங்கள்

முறையாக வழியனுப்ப முடியாத மரணமே அடுத்து வரும் பண்டிகையை மிகவும் கனக்கச் செய்கிறது. எமது மக்களின் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உள்ளன.

1964 ஒக்டோபரில் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அதன் விளைவாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பிளவுண்டன. மகன் நீலகிரியில், தாய் கண்டி மலையில் என்ற நிலை உருவானது. தாய் இறந்த செய்தி தந்தியில் சென்றது. அடக்கத்துக்கு மகனால் வர இயலவில்லை. தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் சேவையும் 1980களின் நடுப்பகுதியில் நின்றுபோயிற்று. பண்டிகைக்கு வந்த வாழ்த்து மடலும் மரணத்தைச் சொன்ன கடிதமும் ஒரே பெட்டியில் சேர்ந்து கிடந்த வீடுகள் மலையகத்தில் அநேகம்.

கொவிட் காலத்தில் நேர்ந்தது முஸ்லிம் சமூகத்தின் நெஞ்சில் இன்னும் ஆறாத புண்ணாக உள்ளது. தொற்றினால் இறந்தோரை அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ இடமளிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்த போதிலும், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. அத்தொற்று முதியவர்களையே அதிகம் பலிகொண்டது என்பது யாவரும் அறிந்தது. ஜனாஸாத் தொழுகையின்றி, மண்ணில் அடக்கும் உரிமையின்றித் தம் மூத்தோரை இழந்த குடும்பங்கள் அடுத்த பெருநாளை எவ்வாறு எதிர்கொண்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடக்கம் செய்யும் வழக்கமுள்ள கிறிஸ்தவர்களையும் இந்துக்களையும் கூட இவ்விதி பாதித்தது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் அடக்கங்கள் இடம்பெற்றன. அங்கு 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோருவதற்குத் தீர்மானித்தது. ஆயினும் எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பெருநாளன்று செல்வதற்கு ஒரு கப்ர் இல்லை என்ற உண்மையை எந்த மன்னிப்பும் மாற்றிவிடாது.

இயற்கையின் சீற்றமும் இவ்வாறே பண்டிகைகளின் வாசலில் வந்து நின்றிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமியை அடுத்த மாதத்திலேயே தைப்பொங்கலும் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இரண்டு மாதங்கள் நிறைவுறும் முன்னரே 2026இன் தைப்பொங்கல் வந்தது. பெரும் அழிவின் பின் வரும் முதற் பண்டிகையை எவ்வாறு கழிப்பது என்பது ஒரு வீட்டின் கேள்வி என்ற நிலையைக் கடந்து ஊரின் கேள்வியாகிவிடுகிறது.

உலகின் ஏனைய சமூகங்களும் இதனை எண்ணிப் பார்த்துள்ளன. ஜப்பானியர் ஓபோன் என்ற நாட்களில் பெரு நகரங்களிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி முன்னோரை வரவேற்கின்றனர். மெக்சிக்கோ மக்கள் நவம்பர் முதலிரு நாட்களில் மறைந்தோரின் படங்களுக்கு மலரும் உணவும் படைத்துக் குடும்பமாகக் கூடுகின்றனர். எமது அயலவரான சிங்கள மக்கள் ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஓராண்டு எனத் தானம் வழங்கிப் புண்ணியத்தை மறைந்தவருக்கு அளிக்கின்றனர். மறைந்தவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டே வாழ்ந்திருப்போர் மகிழலாம் என்பதே இவை யாவும் உணர்த்தும் உண்மையாகும்.

களையப்பட வேண்டியவை

மரபின் பெயரால் நடைபெறும் சில தவறுகளையும் இங்கு சுட்டிக்காட்டுவது அவசியம். முதலாவது, கணவனை இழந்த மூதாட்டியைப் பண்டிகைச் சபையிலிருந்து ஒதுக்குதல். ஐம்பது ஆண்டுகள் அந்த வீட்டுக்கு எண்ணெய் தேய்த்து, பலகாரம் சுட்டுத் தந்தவர், கணவர் மறைந்ததும் அபசகுனமாகக் கருதப்படுவது நன்றிகெட்ட செயலாகும். இத்தா இருக்கும் முஸ்லிம் பெண் அலங்காரத்தையும் அவசியமற்ற வெளிப் பயணத்தையும் தவிர்க்க வேண்டும் என்பதே விதி. பெருநாள் உணவையும் பேரப்பிள்ளைகளின் சலாமையும் அவருக்கு மறுக்குமாறு எவ்விதியும் கூறவில்லை. அவர் இருக்கும் இடத்துக்கே பெருநாள் செல்ல வேண்டும்.

இரண்டாவது, கடன். கருமாதிச் செலவுக்காக வட்டிக்குப் பணம் வாங்கி, அக்கடன் தீரும் முன்னரே தீபாவளி முற்பணத்தையும் பெற்று, பல மாதச் சம்பளத்தில் கழிவு கொடுக்கும் தோட்டத் தொழிலாளர் பலராவர். பந்தலின் அளவைக் கொண்டு பாசத்தை அளக்கும் பழக்கம் மாற வேண்டும். மறைந்த பாட்டன் உயிருடன் இருந்திருந்தால் அக்கடனை விரும்பியிருக்க மாட்டார்.

மூன்றாவது, பிள்ளைகளிடம் மௌனம் சாதித்தல். பாட்டி தூரப் பயணம் போய்விட்டார் என்று கூறி மழுப்பப்படும் பிள்ளை, பண்டிகைக்கு அவர் திரும்புவார் என்று காத்திருக்கும். வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூறுவதே நன்று. அதேபோன்று, விளையாடிச் சிரிக்கும் பிள்ளையைப் பார்த்து உனக்குக் கவலையே இல்லையா என்று கேட்பதும் தகாது. சிறுவர்கள் அழுவார்கள், அடுத்த கணமே விளையாடுவார்கள். அது அவர்களின் இயல்பாகும்.

செய்யக்கூடியவை

துக்கம் நிகழ்ந்த வீட்டார் பண்டிகைக்கு முன்னரே ஒன்றாக அமர்ந்து, எதனை விடுவது, எதனைச் செய்வது என்று பேசி முடிவெடுப்பது நல்லது. வீட்டின் மூத்தவர் துக்கம் காக்க விரும்பினால் அதனை மதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு புத்தாடையும் ஒரு வேளை விருந்தும் கிடைப்பதை அவரும் மறுக்க மாட்டார். மறைந்தவர் வழக்கமாகச் செய்துவந்த ஒரு காரியத்தை, விளக்கேற்றுவதாயினும் ஸதக்கத்துல் பித்ர் பங்கிடுவதாயினும், பேரப்பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அவருடைய பழைய தோழர்கள் இன்னும் உயிருடன் இருப்பின் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவர்களைக் கண்டுவரலாம். வெளிநாட்டில் உள்ளவர் தொலைபேசியில் அழைக்கும்போது மறைந்தவரின் பெயரை எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னதால் எந்தப் பண்டிகையும் கெட்டுவிடுவதில்லை.

அயலவரின் கடமை இதனிலும் எளியது. அந்த ஆண்டில் தம் வீதியில், தம் லயத்தில், தம் மஹல்லாவில் எந்த வீட்டில் மரணம் நிகழ்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பண்டிகைக் காலையில் முதற் தட்டை அவ்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவ்வீடு எச்சமயத்தவருடையதாயினும் சரியே. அதற்குப் பெரும் செலவில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. பெயர் பொறித்த கல்லறை கிடைக்காத எத்தனையோ பெரியவர்களுக்கு எமது மலைகளில் கிடைக்கக்கூடிய மரியாதை அதுவேயாகும். வரும் பண்டிகைக்கும் பெருநாளுக்கும் முன்னர் ஒவ்வொரு வீட்டாரும் அத்தகைய ஒரு வீட்டையேனும் நினைவுகூர்வார்களாக.